வீட்டு கேட்டுக்கு மோட்டார்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விமானப் பயணத்துக்கு முன் பெட்டியைத் தூக்கி எடை பார்க்க ஒரு சின்ன கைத்தராசு விற்கிறார்கள். வீட்டு கேட்டுக்கு மோட்டார் வைக்க நினைப்பவர்கள் முதலில் அதை எடுத்துக்கொண்டு கேட்டிடம் போங்கள். கேட்டின் சட்டத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, தராசின் கொக்கியை அதில் மாட்டி, கேட் ஓடும் திசையில் மெதுவாக இழுங்கள். கேட் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது தராசு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சக்கரத்தில் நல்ல பேரிங் இருந்து, தண்டவாளம் சுத்தமாகவும் இருந்தால், 200 கிலோ கேட் 5, 6 கிலோ இழுப்புக்கே ஓடிவிடும். 15, 20 என்று காட்டினாலோ, ஓரிடத்தில் மட்டும் எண் சட்டென்று ஏறினாலோ, மோட்டார் கடைக்குப் போக வேண்டாம். கேட் செய்த பட்டறைக்குப் போங்கள்.

மோட்டார் செய்வது இத்தனை நாள் உங்கள் கை செய்த வேலையைத்தான். ஆனால் கேட் எங்கே இறுகுகிறது என்று கைக்குத் தெரியும். அந்த இடத்தில் கொஞ்சம் தூக்கிக் கொடுத்து, தோளால் ஒரு தள்ளு தள்ளிச் சமாளித்துவிடுவோம். மோட்டார் அப்படிச் சமாளிக்காது. இறுகும் இடத்திலும் அப்படியே முட்டும், சூடாகும், பல்சக்கரம் தேயும், ஒரு நாள் நின்றுவிடும். "இரண்டு வருஷத்தில் மோட்டார் போய்விட்டது" என்ற புலம்பலை விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் கோளாறு கேட்டில்தான் தொடங்கியிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் மோட்டாரைவிட கேட்டைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

ஓடும் கேட்டா, திறக்கும் கேட்டா?

நம் ஊர்த் தனி வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகைதான். தண்டவாளத்தின் மேல் பக்கவாட்டில் ஓடும் ஸ்லைடிங் கேட் ஒன்று. கீலில் தொங்கி இரண்டு கதவாகத் திறக்கும் ஸ்விங் கேட் இன்னொன்று. எது உங்களுக்கு ஏற்றது என்பதை மனையின் அகலமே பாதி முடிவு செய்துவிடும்.

ஸ்லைடிங் கேட்டுக்குப் பக்கவாட்டில் இடம் வேண்டும். வாசல் 12 அடி என்றால் கேட்டின் நீளம் 13 அடியாவது இருக்க வேண்டும். கேட் முழுதாக மூடியிருக்கும்போதும் அதன் வால்பகுதி மோட்டாரின் பல்சக்கரத்தைத் தாண்டி நிற்க வேண்டும் என்பதால் இந்தக் கூடுதல் நீளம். அப்படியானால் காம்பவுண்ட் சுவரை ஒட்டி உள்பக்கம் 13, 14 அடி தடையில்லாமல் நேராக இருக்க வேண்டும். 40 அடி முகப்புள்ள ஒரு கிரவுண்ட் மனையில் இது எளிது. 20 அடி முகப்புள்ள அரை கிரவுண்டில் 10 அடி வாசல், ஆள் நுழைய 3 அடி சின்ன கேட், பில்லர்கள் எல்லாம் போக மிஞ்சுவது நாலைந்து அடிதான். அங்கே ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கும் இரண்டு அடுக்கு ஸ்லைடிங் கேட், அல்லது ஸ்விங் கேட் என்று யோசிக்க வேண்டும். இடம் இருப்பதுபோலத் தெரியும் வீடுகளிலும் சம்ப் மூடி, மீட்டர் பெட்டி, தண்ணீர்க் குழாய், ஒரு அரளிச் செடி என்று ஏதாவது ஒன்று கேட் ஓடும் வழியில் நிற்கும். டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள்.

ஸ்விங் கேட்டின் கதவு உள்பக்கம்தான் திறக்க வேண்டும். தெருவுக்குள் திறப்பது விதிப்படியும் தவறு, நடந்து போகிறவர் மேல் இடிக்கும் என்பதாலும் தவறு. 12 அடி வாசலில் ஆளுக்கு 6 அடியாக இரண்டு கதவு என்றால், காரின் முகப்பு கேட்டிலிருந்து 6 அடிக்கு மேல் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். தெருவைவிட வீட்டுத் தரை உயரமாக இருந்து நடைபாதை உள்நோக்கி ஏறினால், திறக்கும் கதவின் அடிப்பகுதி தரையில் உரசும். பில்லரும் கவனிக்க வேண்டிய விஷயம். கிரானைட் ஒட்டி ஒன்றரை அடி தடிமனில் பில்லர் கட்டி, அதன் நடுவில் கீல் வைத்துவிட்டால், நேர்க்கோட்டில் நீண்டு சுருங்கும் கை வகை மோட்டாரைப் பொருத்துவதற்கான கோணமே கிடைக்காது. முழங்கை போல மடங்கும் கை வகைதான் அங்கே பொருந்தும். இதைக் கொத்தனார் பில்லர் எழுப்பும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

அப்புறம் காற்று. 12-க்கு 5 அடி அளவில் முழுக்கத் தகடு அடித்த கேட்டின் மேல், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால் ஏறக்குறைய 260 கிலோ விசை விழும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையை அடித்ததே, அதைவிடக் கடுமையான காற்று அது. ஸ்லைடிங் கேட் இந்த விசையைத் தண்டவாளத்திலும் மேலே உள்ள வழிகாட்டி உருளையிலும் இறக்கிவிடும். ஸ்விங் கேட்டில் அது கீலிலும் மோட்டாரின் கையிலும் போய் விழும். ஸ்விங் கேட்தான் வேண்டும் என்றால் தகட்டுக்குப் பதில் காற்று நுழையும் கம்பி வடிவமைப்பாகச் செய்துகொள்ளுங்கள். தரைக்கு அடியில் குழிக்குள் புதைக்கும் மோட்டாரும் கிடைக்கிறது, பார்க்க மிக அழகு. ஐப்பசி, கார்த்திகையில் தரைமட்டம் வரை நீர் ஏறி நிற்கும் பகுதிகளில் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

என் கருத்து இதுதான்: பக்கவாட்டில் இடம் இருந்தால் ஸ்லைடிங். வேறு யோசனையே வேண்டாம்.

எடைக் கணக்கு

மோட்டார் பெட்டியின் மேல் 500 கிலோ, 800 கிலோ என்று போட்டிருக்கும். உங்கள் கேட் எத்தனை கிலோ என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கணக்கு எளிது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 12-க்கு 5 அடி கேட் சுமார் 5.6 சதுர மீட்டர். 2 மில்லிமீட்டர் தகடு என்றால் தகடு மட்டும் 88 கிலோ. சட்டத்துக்குப் போடும் 2 அங்குலச் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனத்தில், மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ. 18 மீட்டர் போனால் 54 கிலோ. சக்கரம், பூட்டு, குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்த்து 160, 170-இல் நிற்கும். இதே அளவில் தடித்த தகட்டில் லேசர் வெட்டு டிசைன், நடுவே தேக்குப் பலகை என்று போனால் 300-ஐத் தொடுவது சாதாரணம்.

பெட்டியில் உள்ள எண், மட்டமான தண்டவாளத்தில் லகுவாக ஓடும் கேட்டுக்குச் சொன்னது. அதனால் கேட்டின் எடையைப்போல இரண்டு மடங்கு திறனுள்ள மோட்டாரை எடுத்தால் நிம்மதி. தண்டவாளம் 100-க்கு 3 என்று லேசாகச் சாய்ந்திருந்தாலே 200 கிலோ கேட்டை ஏற்ற 6 கிலோ இழுப்பு கூடுதலாகத் தேவைப்படும். அதாவது இழுக்க வேண்டிய பளு இரண்டு மடங்காகிறது. தண்டவாளம் பதிக்கும்போது ரசமட்டத்தை இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

230 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் ஏசி மோட்டார் விலை குறைவு, முரட்டு உழைப்பு. ஆனால் தொடர்ந்து பல முறை திறந்து மூடினால் சூடேறித் தானாக நின்றுவிடும், ஆறிய பிறகுதான் ஓடும். கரண்ட் போனால் இன்வர்ட்டர் இருந்தால்தான் உண்டு, அந்த இன்வர்ட்டரும் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் அதிக மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும்.

24 வோல்ட் டிசி மோட்டாருக்குள் மின்மாற்றி இருக்கும். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை அதிலேயே இணைத்துவிடலாம். மெதுவாகக் கிளம்பி, முடியும் இடத்தில் மெதுவாக வந்து நிற்கும். எதிலாவது முட்டினால் மின்னோட்டம் ஏறுவதை, மோட்டாரை இயக்கும் மின்னணுப் பலகையே கண்டுபிடித்துக் கேட்டைத் திருப்பிவிடும். மின்வாரியம் பராமரிப்புக்காக முழு நாள் மின்சாரத்தை நிறுத்தும் ஊரில், குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டுக்கு, கூடுதல் பணம் போனாலும் டிசிதான் சரி என்று நினைக்கிறேன்.

எந்தப் பிராண்ட் என்று கேட்டால், இந்தத் தொழிலில் இத்தாலிக்காரர்களின் பெயர்களே அதிகம் அடிபடும். ஃபாக் 1965-இல் போலோன்யா பக்கம் தொடங்கியது. கேம், நைஸ், பிஎஃப்டி எல்லாமே அந்த நாட்டுப் பெயர்கள்தான். பெயரைவிட முக்கியமான கேள்வி வேறு: பலகை பழுதானால் மாற்றுப் பலகை உங்கள் ஊரில், ஒரு வாரத்துக்குள் கிடைக்குமா? கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடையைப் பாருங்கள்.

உயிர் விஷயம்

இந்தப் பகுதியை அவசரமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள்.

2010 கோடையில் பிரிட்டனில், மான்செஸ்டரில் ஒரு சிறுமியும் வேல்ஸின் பிரிட்ஜெண்டில் ஒரு சிறுமியும் மின்சார கேட்டில் சிக்கி இறந்தார்கள். இரண்டும் ஒரே வாரத்துக்குள். அதன் பிறகுதான் அங்கே இந்த கேட்டுகளைப் பொருத்தும் முறை கடுமையாகக் கண்காணிக்கப்பட்டது. நம் நாட்டில் 2024-இல் புணே அருகே பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில், பிள்ளைகள் விளையாட்டாக இழுத்த ஸ்லைடிங் கேட் சாய்ந்து மூன்று வயதுக் குழந்தை இறந்தது. கேட் கொல்வது இந்த இரண்டு வழிகளில்தான்: நசுக்கும், அல்லது விழும்.

விழாமல் தடுப்பது மலிவான வேலை. தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் கேட் தாண்ட முடியாத இரும்புத் தடை வேண்டும், கான்கிரீட்டுக்குள் போல்ட் இறக்கி முடுக்கியதாக. கேட் முனைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் எல்லை சுவிட்ச் கெட்டாலும் கேட் அங்கே முட்டி நிற்கும். மேலே கேட்டைப் பிடித்திருக்கும் வழிகாட்டி உருளைகள் இரண்டு ஜோடி இருக்கட்டும், அவற்றை ஏந்தும் பட்டை தடிமனான இரும்பில் இருக்கட்டும். சக்கரம் ஒன்று உடைந்தாலும், உருளை ஒன்று கழன்றாலும் கேட் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பட்டறைக்காரரிடம் இதை நேராகவே கேளுங்கள்: "கேட்டை முழுக்கத் தள்ளிவிட்டா மேல் உருளையிலிருந்து வெளியே வருமா?" வரும் என்றால் அந்த கேட்டுக்கு மோட்டார் வைக்கக் கூடாது, கையால் தள்ளவும் கூடாது.

நசுக்காமல் இருக்க இரண்டு காவல் வேண்டும். முதலாவது, முட்டும் விசையின் அளவு. இஎன் 12453 என்ற ஐரோப்பியத் தரம், மூடும் விளிம்பில் ஆள் நசுங்கக்கூடிய இடத்தில் கேட் தரும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, முக்கால் விநாடிக்குள் 150 நியூட்டனுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்கிறது. 400 நியூட்டன் என்பது ஏறக்குறைய 40 கிலோ. அதுவே குழந்தைக்கு அதிகம். பலகையில் விசையைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு அல்லது அமைப்பு இருக்கும். பொருத்த வருபவர் கேட் இடையில் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அதை உச்சத்தில் வைத்துவிட்டுப் போவது நடக்கிற விஷயம். கேட் லகுவாக ஓடினால் விசையைத் தாழ்த்தி வைக்க முடியும், இறுகி ஓடினால் முடியாது. முதலில் சொன்ன தராசுச் சோதனை குழந்தையின் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாவது காவல், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பி வாங்கும் போட்டோசெல் ஜோடி. கதிர் மறிக்கப்பட்டால் மூடிக்கொண்டிருக்கும் கேட் நின்று திரும்பும். மோட்டாரோடு சேர்த்து ஒரு ஜோடி கொடுப்பார்கள், பல வீடுகளில் அதைப் பொருத்தாமல் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். முழங்கால் உயரத்தில் வையுங்கள். அந்த உயரத்திலும் கேட் ஓரம் நிழலுக்குப் படுத்திருக்கும் தெருநாய்க்கு மேலே கதிர் போய்விடும் என்பதால், கேட்டின் முன் விளிம்பில் அழுத்தினால் நிறுத்தும் ரப்பர் பட்டையும் இருந்தால் நல்லது. ஆயுத பூஜையன்று மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும்போது போட்டோசெல்லின் கண்ணாடியில் மட்டும் வைக்காதீர்கள். தோரணம் கதிருக்குக் குறுக்கே தொங்கினாலும் கேட் மூடாது.

மறந்துபோகும் இன்னொரு இடம், கேட் திறக்கும்போது அதன் வால் போய்ச் சேரும் பக்கம். அங்கே சுவருக்கும் வாலுக்கும் நடுவில் ஒரு பிள்ளை ஒளிந்து விளையாடும் அளவுக்குச் சந்து இருக்கும். அதைத் தடுப்பு வைத்து அடைத்துவிடுங்கள். கம்பி கேட்டாக இருந்தால், கம்பிக்குள் விட்ட கை பில்லர் பக்கம் வரும்போது மாட்டிக்கொள்ளும். பில்லரைக் கடந்து போகும் பகுதி முழுவதும் சின்னக் கண்ணுள்ள வலையோ தகடோ அடித்துவிட்டால் அந்த ஆபத்து தீர்ந்தது.

பொருத்தும் நாளில்

மோட்டார் உட்காரும் கான்கிரீட் மேடையைத் தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற தெருக்களுக்கு அரை அடி போதாது. அங்கே பலகையைத் தனியாக எடுத்துச் சுவரில் மூன்றடி உயரத்தில் வைக்கும் மாடலைக் கேட்டு வாங்கலாம். கான்கிரீட் போடும் முன்பே இரண்டு குழாய்கள் புதைத்துவிட வேண்டும்: ஒன்று மின்சாரக் கம்பிக்கு, இன்னொன்று போட்டோசெல், சுவிட்ச் கம்பிகளுக்கு. இரண்டையும் ஒரே குழாயில் விடக் கூடாது. மோட்டாருக்குத் தனி எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த் மூன்றும் கட்டாயம். இரும்பு கேட், ஈரத் தரை, வெறுங்காலில் நிற்கும் மனிதர்கள். இதில் சலுகையே கிடையாது.

கேட்டின் பக்கவாட்டில் பல் வைத்த பட்டை ஒன்றை வரிசையாகப் பொருத்துவார்கள். ரேக் என்பார்கள். மோட்டாரின் பல்சக்கரம் அதைப் பிடித்துத்தான் கேட்டை நகர்த்துகிறது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இதை மட்டும் கவனியுங்கள். பல்சக்கரத்துக்கும் ரேக்குக்கும் நடுவே ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், கேட்டின் முழு நீளத்துக்கும். மோட்டாரோடு வரும் சாவியால் அதன் பிடியை விடுவித்து, கேட்டைக் கையால் தள்ளிக்கொண்டே அடிக்கு ஒரு இடத்தில் பார்த்தால் தெரியும். ஒட்டிக்கொண்டிருந்தால் கேட்டின் எடை மோட்டாரின் அச்சில் ஏறும். சக்கரம் தேயத் தேய கேட் தாழும் என்பதால் அந்த இடைவெளி பிற்காலத்துக்கும் தேவை. இரண்டு ரேக் துண்டுகள் சேரும் இடத்தில், மூன்றாவது துண்டைத் தலைகீழாகப் பல்லோடு பல் பொருத்திப் பிடித்துவிட்டு முடுக்குபவர் வேலை தெரிந்தவர். அப்படிச் செய்யாத இணைப்பில் கேட் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று குதிக்கும். ரேக்கை நேரடியாக வெல்டு வைக்க விடாதீர்கள். நீளத் துளையில் போல்ட் போட்டிருந்தால்தான் பிறகு ஏற்றி இறக்க முடியும்.

ஒயர் நுழையும் துளையை சிலிக்கோன் பசை வைத்து அடைக்கச் சொல்லுங்கள். வாசல் தெளித்து அரிசிமாவில் கோலம் போடும் வீட்டில் எறும்பு வரத்தான் செய்யும், அது பலகையின் சூட்டுக்குள் குடியேறும். பல்லி ஒன்று மின்முனைகளுக்கு நடுவே படுத்தால் பலகையே போய்விடும். வாசல் தெளிக்கும் தண்ணீர் மோட்டார் மேல் படாமல் பார்த்துக்கொள்வதும், தண்டவாளப் பள்ளத்தில் சேரும் மாவையும் மண்ணையும் வாரம் ஒரு முறை துடைப்பத்தால் தள்ளிவிடுவதும் போதும். தண்டவாளத்தில் கிரீஸ் தடவ வேண்டாம், மண் அதில் ஒட்டிக் கல்லாகிவிடும்.

ரிமோட் விஷயத்தில் ஒன்றே ஒன்று: அழுத்தும் ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும் ரோலிங் கோடு வகையா என்று கேளுங்கள். மாறாத குறியீடு என்றால் காற்றில் போகும் சிக்னலைப் பிடித்து அப்படியே திரும்ப அனுப்பி கேட்டைத் திறந்துவிடலாம். ரிமோட் தொலைந்தால் அதைப் பலகையின் நினைவிலிருந்து அழிக்கும் முறையையும் அன்றைக்கே காட்டச் சொல்லுங்கள். தானாக மூடும் வசதியை, போட்டோசெல் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே இயக்குங்கள்.

கேட் பட்டறைக்காரர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், மோட்டார் விற்றவர் என நான்கு பேர் சேர்ந்து செய்யும் வேலை இது. கோளாறு வந்தால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். முடிந்தால் மோட்டார் பொருத்துபவரையே கேட்டையும் தண்டவாளத்தையும் முதலில் பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு மரக்கட்டையை மூடும் கேட்டின் பாதையில் நிறுத்திப் பாருங்கள். தொட்டதும் கேட் திரும்ப வேண்டும். கட்டையைத் தள்ளிக்கொண்டு போனால் விசையைக் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கையையோ காலையோ வைத்துச் சோதிக்க வேண்டாம். பிறகு வீட்டின் மெயினை அணைத்துவிட்டு, விடுவிக்கும் சாவியை வீட்டில் உள்ள வயதானவர் கையில் கொடுத்து, மோட்டாரை விடுவித்து கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள். அவரால் முடியும்வரை பொருத்தியவரை அனுப்பாதீர்கள். சாவி இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும், இன்னொரு சாவி சின்ன கேட்டின் சாவியோடு சேர்ந்தே இருக்கட்டும்.